‘விம்’ எடிட்டரை சோர்ஸ் கோடிலிருந்து இன்ஸ்டால் செய்யப் போறீங்களா? இதைக் கவனிங்க!

லினக்ஸ் கம்ப்யூட்டரில் ‘விம்’ எடிட்டர் வேண்டுமென்றால் ஒரே ஒரு கட்டளை போதும். பிராம் மூலெனார் 1991-ல் வெளியிட்ட இந்த மென்பொருள் சில நொடிகளில் வந்து உட்கார்ந்துவிடும். அப்புறம் எதுக்கு சிலர் அதன் சோர்ஸ் கோடை இறக்கி, தாங்களே ‘கம்பைல்’ செய்கிறார்கள்?

புதிய பதிப்பு உடனே வேண்டும் என்பது ஒரு காரணம். உபுண்டு, டெபியனில் வரும் சாதாரண விம் பேக்கேஜில் டெஸ்க்டாப்பின் கிளிப்போர்டோடு பேசும் வசதி இருக்காது என்பது இன்னொன்று. நான் இறங்கியது இந்த இரண்டாவது காரணத்துக்காக.

சி மொழியில் மனிதர்கள் எழுதிய வரிகள்தான் சோர்ஸ் கோடு. அதை ‘கிட்’ மூலம் இறக்கிய பிறகு மூன்று கட்டங்கள். ‘கான்ஃபிகர்’ உங்கள் கம்ப்யூட்டரில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கும். ‘மேக்’ அந்த வரிகளை இயங்கும் புரோகிராமாக மாற்றும். ‘மேக் இன்ஸ்டால்’ அதை உரிய இடத்தில் வைக்கும். சரியான கட்டளைகள் சோர்ஸ் ஃபோல்டரில் உள்ள ‘இன்ஸ்டால்’ கோப்பிலேயே இருக்கின்றன.

சிக்கல் முதல் கட்டத்தில்தான். ‘என்கர்சஸ்’ லைப்ரரியின் டெவலப்மென்ட் கோப்புகள் இல்லையென்றால் கான்ஃபிகர் அங்கேயே நின்று, எரர் காட்டிவிடும். அது நல்லது. ஆனால், கிளிப்போர்டுக்குத் தேவையான எக்ஸ்11 கோப்புகள் இல்லையென்றால் நிற்காது. அந்த வசதியை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மேலே போய்விடும். எனக்கு நடந்தது இதுதான். எல்லாம் வெற்றிகரமாக முடிந்தது, பேஸ்ட் மட்டும் ஆகவில்லை! ‘வெர்ஷன்’ கட்டளை கொடுத்துப் பார்த்தால், கிளிப்போர்டு என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு மைனஸ் குறி. விடுபட்ட கோப்புகளைச் சேர்த்த பிறகும் அதே மைனஸ். பழைய சோதனை முடிவை அது நினைவில் வைத்திருந்ததே காரணம். ‘மேக் டிஸ்ட்கிளீன்’ கொடுத்து அதை அழித்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

இன்ஸ்டால் ஆகும் இடத்தை ‘ப்ரீஃபிக்ஸ்’ மூலம் உங்கள் ஹோம் ஃபோல்டருக்கு மாற்றிவிட்டால் அட்மின் பாஸ்வேர்டு தேவையில்லை. சிஸ்டத்தில் ஏற்கெனவே உள்ள விம்மும் அப்படியே இருக்கும்.

‘சோர்ஸிலிருந்து செய்தால் பாதுகாப்பு’ என்று சிலர் சொல்வார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். 2024 மார்ச்சில் ‘எக்ஸ்இசட்’ மென்பொருளில் ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் கண்டுபிடித்த பின்கதவு, கம்பைல் செய்யும் ஸ்கிரிப்ட் வழியாகத்தான் உள்ளே நுழைந்தது. அதைத் தூண்டிவிடும் பகுதி வெளியீட்டுக்கான ‘டார்’ கோப்பில் இருந்தது. எல்லோரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. ஆகவே அதிகாரபூர்வக் களஞ்சியத்திலிருந்தே எடுங்கள்.

இன்னொரு விஷயம். நீங்களே கம்பைல் செய்த விம், சிஸ்டம் அப்டேட்டின் கண்ணில் படாது. பாதுகாப்பு ஓட்டை அடைக்கப்பட்டாலும் அந்தத் திருத்தம் தானாக வராது. மறுபடி இறக்கி, மறுபடி கம்பைல் செய்வது உங்கள் பொறுப்பு.

இவ்வளவு வேண்டாம், கிளிப்போர்டு மட்டும் போதும் என்பவர்களுக்கு உபுண்டுவிலேயே ‘விம்-ஜிடிகே3’ என்ற பேக்கேஜ் இருக்கிறது. எனக்கு அது தெரியவந்தது, எல்லாம் முடிந்த பிறகுதான்!