முதிய முயலின் பல் நோயும் அதற்கான பரிகாரமும்

நெல் வயலும் காய்கறித் தோட்டமும் உடைய கமக்காரர் இல்லங்கள் பலவற்றில் இரண்டொரு முயல்களும் வளர்வதுண்டு. குட்டிகளை விற்பதற்கென வாங்கப்பட்ட பெட்டை முயல், ஈனும் பருவம் கடந்த பின்னரும் பிள்ளைகளின் செல்லப் பிராணியாக அவ்வீட்டிலேயே தங்கிவிடுகின்றது. நன்கு பராமரிக்கப்படும் முயல் எட்டுப் பத்து ஆண்டுகள் உயிர்வாழும். ஐந்து ஆண்டுகளைக் கடந்ததும் அதனை முதிய முயலெனக் கொள்ளலாம்.

இத்தகைய முயல் உணவைக் குறைத்து, மெலிந்து, மூலையில் ஒடுங்கிக் கிடக்கும்போது, "வயதாகிவிட்டது; இனி என்ன செய்யலாம்?" என்று விட்டுவிடுவது பலரது வழக்கம். முதுமை ஒரு நோயன்று. முதிய முயல் உண்ணாதிருப்பதற்குப் பல் நோயே பெரும்பாலும் காரணமாகும். காலத்தோடு கண்டுகொண்டால் அதற்குப் பரிகாரம் உண்டு. காணத் தவறினாலோ, தகாத மருந்தைக் கொடுத்தாலோ, முயல் சில நாட்களில் இறந்துவிடும். ஆகவே முயல் வளர்ப்போர் ஒவ்வொருவரும் இந்நோயைப்பற்றி அறிந்திருத்தல் அவசியம்.

பற்களின் அமைப்பு

முயலுக்கு 28 பற்கள் உண்டு. மேல்தாடையின் முன்புறத்தில் இரண்டு வெட்டும் பற்களும், அவற்றின் பின்னே ஆணிபோன்ற இரண்டு சிறு பற்களும் அமைந்துள்ளன. கீழ்த்தாடையின் முன்புறத்தில் இரண்டு வெட்டும் பற்கள் உள. எஞ்சிய 22 பற்களும் கடைவாயில் இருப்பவை. அவற்றுள் 12 மேல்தாடையிலும் 10 கீழ்த்தாடையிலும் உள்ளன.

இப்பற்கள் யாவும் முயலின் ஆயுட்காலம் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் வாரமொன்றுக்கு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் வளர்கின்றன. வளரும் அளவுக்கு அவை தேய்தலும் வேண்டும். முயல் புல்லை அரைக்கும்போது தாடையைப் பக்கவாட்டில் அசைத்து நெடுநேரம் மெல்லுகின்றது. புல்லில் உள்ள நாரும் மணற்சத்தும் கடைவாய்ப் பற்களைத் தேய்க்கின்றன. மென்மையான உணவை உண்ணும் முயல் சிலமுறை மட்டும் கடித்து விழுங்கிவிடுவதால் பல் தேய்வதில்லை.

நோய் தோன்றும் விதம்

தேயாத கடைவாய்ப் பல்லின் ஓரம் கூரிய முனையாக நீளும். கீழ்ப்பல்லின் முனை நாக்கையும், மேற்பல்லின் முனை கன்னத்தின் உட்புறத்தையும் கிழித்துப் புண்ணாக்கும். பல் மேல்நோக்கி வளர இடமின்றிப் போகவே, அதன் வேர் தாடை எலும்பினுள் அழுந்தி நீளும். வரிசை குலைந்த பற்களுக்கு இடையே உணவு சிக்கி அழுகும். புல்லின் கூரிய சுணையும் முள்ளும் ஈற்றிற் குத்தி வழி திறந்துவிடுவதும் உண்டு. இவ்வழிகளினூடாகப் பற்றீரியாக்கள் பல்லின் வேரைச் சென்றடைந்து, தாடை எலும்பினுட் சீழ்க்கட்டியை உண்டாக்குகின்றன.

காய்கறிச் செய்கையாளர் இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். தோட்டத்தில் மிஞ்சும் கரட், பீற்றூட், கோவா இலை என்பன செலவின்றிக் கிடைப்பதால், அவற்றையே முயலுக்கு முழு உணவாகக் கொடுப்பதுண்டு. தவிடும் சோறும் கொடுப்போரும் உளர். இவை வயிற்றை நிரப்புமேயன்றிப் பல்லைத் தேய்க்கமாட்டா. பல ஆண்டுகளாக இவ்வாறு உண்டு வந்த முயலுக்கே முதுமையிற் பல் நோய் மிகுதியாக வரும். வெயில் படாத இருண்ட கூட்டில் வாழ்தலும், சுண்ணாம்புச் சத்துக் குறைந்த உணவும் தாடை எலும்பை நலிவடையச் செய்து நோய்க்குத் துணைபுரியும்.

அறிகுறிகள்

முயல் நோவை வெளிக்காட்டாத பிராணி. ஆதலின் பின்வரும் அறிகுறிகளை நாள்தோறும் அவதானித்தல் வேண்டும்.

1. உணவை நாடி வந்து, வாயில் எடுத்து, மெல்லாது கீழே போட்டுவிடுதல். புல்லை ஒதுக்கி மென்மையானவற்றை மட்டும் உண்ணுதல்.

2. உமிழ்நீர் வடிந்து, மோவாயும் கழுத்தின் கீழ்ப்புறமும் முன்கால்களும் ஈரமாயிருத்தல்.

3. ஒரு கண்ணிலிருந்து நீரோ பால்போன்ற திரவமோ வடிதல். மேற்பற்களின் வேர்கள் கண்ணீர் வழியை அடுத்திருப்பதால், பல் நோய் கண்ணிலும் தோன்றும்.

4. தாடையின் ஓரத்திலோ கண்ணின் கீழோ கெட்டியான வீக்கம் காணப்படுதல்.

5. புழுக்கைகள் சிறுத்தும் குறைந்தும் போதல்.

6. பின்புறத்தில் மென்மையான மலம் ஒட்டியிருத்தல். முயல் தன் மென்மலத்தை மீண்டும் உண்ணும் இயல்புடையது. வாயில் நோவு இருக்கும்போது அதனை உண்ணாது விட்டுவிடும்.

7. நிறை குறைதல். கிழமைக்கு ஒருமுறை தராசில் நிறுத்துக் குறித்துவைத்தல் நன்று. முயல் தன் நிறையிற் பத்திலொரு பங்கை இழந்துவிட்டால் நோய் கடுமையானதெனக் கொள்க.

முயலைப் பிடித்துப் பார்க்கும் முறை

காதுகளைப் பற்றி முயலைத் தூக்குதல் ஒருபோதும் ஆகாது. ஒரு கையை மார்பின் கீழும் மற்றொரு கையைப் பின்கால்களின் கீழும் கொடுத்துத் தூக்குதல் வேண்டும். பின்கால்களைத் தாங்காது விட்டால், முயல் உதறும்போது அதன் முதுகெலும்பு முறிந்துபோகக்கூடும்.

முயலை மடியிலோ மேசையிலோ ஒரு துணியாற் சுற்றி இருத்தி, மேலுதட்டை மெதுவாக விலக்கி முன்பற்களைப் பார்க்கவும். மேற்பற்கள் கீழ்ப்பற்களுக்குச் சற்று முன்னே பொருந்தியிருத்தல் இயல்பான நிலை. பின்னர், இரு கைவிரல்களாலும் இரு பக்கத் தாடைகளையும் ஒரே வேளையிற் தடவி, ஒரு பக்கத்தில் மேடு தட்டுப்படுகின்றதா என ஒப்பிட்டுப் பார்க்கவும். கடைவாய்ப் பற்களை வீட்டில் வைத்துப் பார்க்க இயலாது. ஆகையால் முன்பற்கள் செவ்வையாயிருப்பதைக் கண்டு நோயில்லையென்று முடிவு செய்யலாகாது.

காலந் தாழ்த்தலாகாது

மாடும் ஆடும் ஒருநாள் உண்ணாதிருந்தாற் பொறுத்துப் பார்க்கலாமெனச் சிலர் எண்ணுவர். முயலின் நிலை வேறு. அதன் குடல் இடைவிடாது இயங்கவேண்டியது. பன்னிரண்டு மணித்தியாலம் உண்ணாதும் புழுக்கையிடாதும் இருந்தால், குடல் அசைவு நின்று, வாயு நிரம்பி, ஈரலும் பழுதடையத் தொடங்கும். ஆகவே மாலையில் உணவை மறுத்த முயலை மறுநாட் காலையிலேயே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லல் வேண்டும்.

செய்யத்தகாதவை

முயல்களுட் பல, நோயினாலன்றி, நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட வீட்டு வைத்தியத்தினால் இறக்கின்றன. பின்வருவனவற்றை முற்றாகத் தவிர்க்கவும்.

முதலாவது, வீட்டில் மிஞ்சியிருக்கும் மனிதருக்கான மருந்தைக் கொடுத்தல். அமொக்சிசிலின், அம்பிசிலின், பெனிசிலின், கிளின்டமைசின், எரித்திரோமைசின் ஆகிய மருந்துகளை வாய்வழியாக முயலுக்குக் கொடுக்கவே கூடாது. உணவைச் செரிக்கச் செய்யும் நல்ல பற்றீரியாக்கள் முயலின் பெருங்குடற் பையில் வாழ்கின்றன. மேற்கூறிய மருந்துகள் அவற்றை அழித்துவிட, நஞ்சை உண்டாக்கும் வேறு பற்றீரியாக்கள் அவ்விடத்திற் பெருகுகின்றன. கழிச்சல் கண்டு முயல் சில நாட்களில் இறக்கின்றது. பிள்ளைகளின் காய்ச்சலுக்கும் இருமலுக்கும் வாங்கிய மருந்து அலுமாரியில் இருக்குமாயின், அது முயலுக்கு நஞ்சென்றே கருதுக.

இரண்டாவது, வீக்கத்தைக் கீறி அமுக்குதல். மாட்டின் கட்டியில் உள்ள சீழ்போல முயலின் சீழ் வடிவதில்லை. அது பாற்கட்டிபோலத் தடித்து, உறுதியான உறையொன்றினுள் அடங்கியிருக்கும். கீறினால் வெளிவராது, அமுக்கினால் உறை கிழிந்து நோய் பரவும்.

மூன்றாவது, நீண்ட முன்பல்லைக் குறட்டினாலோ நகவெட்டியினாலோ நறுக்குதல். பல் நெடுக்காகப் பிளந்து, அப்பிளவின் வழியே பற்றீரியா வேரைச் சேரும். ஒரு நோயைத் தீர்க்கப்போய் மற்றொன்றை விலைக்கு வாங்கியதாகவே முடியும்.

மிருக வைத்தியர் செய்யும் சிகிச்சை

மிருக வைத்தியர் கருவியொன்றினால் வாயின் உட்புறத்தைப் பார்த்து, தேவையாயின் தாடையின் எக்ஸ்-கதிர்ப் படத்தையும் எடுப்பிப்பார். எலும்பினுள் நோய் எவ்வளவு தூரம் பரவியுள்ளதென்பது அப்படத்தினாலேயே தெளிவாகும். உங்கள் பிரிவிலுள்ள அரசாங்க மிருக வைத்திய அலுவலகத்தை முதலில் நாடவும். அங்கு வசதியில்லாதவிடத்து, பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய போதனா வைத்தியசாலை போன்ற இடத்துக்கு அனுப்புவர்.

கூரிய முனைகள் மட்டும் இருப்பின், மயக்க மருந்து கொடுத்துச் சுழலும் அராவியினால் அவற்றைத் தேய்த்துவிடுவர். வரிசை குலைந்த பல் மீண்டும் அவ்வாறே வளருமாதலின், சில கிழமைகளுக்கு ஒருமுறை இதனைத் திரும்பச் செய்யவேண்டி வரலாம்.

சீழ்க்கட்டி இருப்பின், அதனை உறையோடு அகற்றி, நோயுற்ற பல்லையும் பிடுங்குதலே தக்க முறை. பின்னர் புண்ணைத் திறந்தபடி விட்டு நாள்தோறும் கழுவச் செய்வர்; அல்லது உள்ளே மருந்தை வைத்து மூடுவர். இதனோடு முயலுக்குத் தீங்கற்ற நுண்ணுயிர்கொல்லியைப் பல கிழமைகளுக்குத் தொடர்ந்து கொடுத்தல் வேண்டும். பெனிசிலினையும் ஊசி மூலம் மிருக வைத்தியர் கொடுப்பதுண்டு. வாய்வழியாகத் தீங்கு செய்யும் அம்மருந்தே ஊசி வழியாகப் பயன்படுவதைக் கண்டு, தாமாக அதனைக் கையாள எவரும் முற்படலாகாது. நோவைத் தணிக்கும் மருந்தும் இன்றியமையாதது. நோவு தணிந்தாலே முயல் உண்ணத் தொடங்கும்.

சத்திர சிகிச்சைக்குக் கொண்டுசெல்லுமுன் முயலைப் பட்டினி போடவேண்டாம். முயல் வாந்தியெடுக்க இயலாத பிராணி. பட்டினி அதற்குத் தீங்கையே செய்யும். மருந்து கொடுக்கப்படும் முயலை இறைச்சிக்காகக் கொல்லுதலும் ஆகாது.

வீட்டிற் பராமரித்தல்

முயல் தானாக உண்ணும் வரை கையாலூட்டுதல் வேண்டும். முயலுக்கான குளிகைத் தீனை நன்கு பொடித்து, இளஞ்சூடான நீரிற் குழைத்து, ஊசி நீக்கப்பட்ட மருந்துக் குழாயில் எடுத்து, முன்பற்களின் பின்னேயுள்ள இடைவெளியில், வாயின் பக்கவாட்டிலிருந்து சிறிது சிறிதாகச் செலுத்தவும். விழுங்கிய பின்னரே அடுத்த சிறு அளவைக் கொடுக்கவும். விரைந்து செலுத்தினால் உணவு சுவாசப்பையைச் சேர்ந்துவிடும். ஒரு கிலோகிராம் நிறைக்கு ஒரு வேளைக்கு 10 மில்லிலீற்றர் வீதம், நாளொன்றுக்கு நான்கைந்து வேளை கொடுக்கலாம். வயிறு பறைபோல் உப்பியிருப்பின் ஊட்டாது, உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்லவும்.

மோவாயையும் பின்புறத்தையும் ஈரத்துணியாற் துடைத்து உலர்த்துதல் வேண்டும். ஈரமும் அழுக்கும் உள்ள இடத்தில் ஈ முட்டையிட்டு, ஒரு நாளுக்குள்ளேயே புழு வைத்துவிடும். புண்ணைத் தொட்ட பின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவவும்.

நோய் எலும்பிற் பெரிதும் பரவிய முதிய முயல் சிகிச்சையினாற் குணமடையாதிருக்கவும் கூடும். மருந்தினால் நோவு தணியாது, உணவும் செல்லாத நிலை வருமாயின், அதனை நோவின்றி உறங்கச் செய்யுமாறு மிருக வைத்தியரைக் கேட்பதே கருணையான செயல். பட்டினியால் மெல்ல மெல்ல இறக்கவிடுதல் தகாது.

வருமுன் காத்தல்

முயலின் உணவில் ஐந்தில் நான்கு பங்கு புல்லாயிருத்தல் வேண்டும். வரம்பிலும் தோட்ட ஓரத்திலும் வளரும் கினிப்புல்லும் அறுகம்புல்லும் மிகவும் ஏற்றவை. பசும்புல் அருகும் வறட்சிக் காலத்துக்கென மழைக்காலத்தின் இறுதியிற் புல்லை அறுத்து உலர்த்தி வைத்துக்கொள்ளலாம். வைக்கோல் புல்லுக்கு ஈடாகாது. பூஞ்சணம் பிடித்த வைக்கோலைப் படுக்கையாகவும் இடலாகாது. கரட், பீற்றூட் என்பவற்றைச் சிறு துண்டாக இடைக்கிடை கொடுத்தாற் போதும். பூச்சிநாசினி தெளித்த வயலோரப் புல்லையும் தோட்டத்து இலையையும் கொடுக்கவே கூடாது. காலை வெயில் படுமாறு கூட்டை வைத்தல் பல்லுக்கும் எலும்புக்கும் நன்மை தரும்.

வீட்டில் வளரும் அணில்

மரம் வெட்டும்போது கூட்டிலிருந்து விழுந்த அணிற் குஞ்சைப் பிள்ளைகள் எடுத்து வளர்ப்பதுண்டு. முதிய அணிலுக்கும் இதே நோய் வரும். அணிலின் முன்பற்கள் நான்கும் ஆயுள் முழுவதும் வளர்பவை. கடைவாய்ப் பற்களோ தேய்ந்தால் மீண்டும் வளராதவை. பிசுக்கோத்தும் சோறும் மட்டுமே உண்டு வளர்ந்த அணிலின் முன்பற்கள் நீண்டு வளைதலும், தாடை வீங்குதலும், மூச்சில் ஓசை எழுதலும் காணப்படும். கடிப்பதற்குப் பச்சைக் கிளைத் துண்டுகளைக் கூட்டில் இடுதல் நன்று. வளர்ந்த அணிலின் நிறை ஏறத்தாழ 100 கிராமே. மருந்தின் அளவு ஒரு துளி கூடினாலும் உயிருக்கு ஆபத்தாகும். எனவே அதற்கும் மிருக வைத்தியரின் கையாலேயே அளவு குறிக்கப்படல் வேண்டும்.

நினைவிற் கொள்ளவேண்டியவை

முயல் உணவை மறுத்தால் வயதைக் குறை கூறாது வாயைப் பார்க்கவும்.

ஒருநாளும் தாமதியாது மிருக வைத்தியரை நாடவும்.

மனிதருக்கான மருந்தை வாய்வழியாகக் கொடுக்கவேண்டாம்.

வீக்கத்தைக் கீறவும், பல்லை நறுக்கவும் வேண்டாம்.

இளமை முதற்கொண்டு புல்லையே முதன்மை உணவாகக் கொடுக்கவும். வரம்பிற் கிடைக்கும் ஒரு பிடி புல், பின்னர் வாங்கும் மருந்தினும் மேலானது.