கென்டக்கிப் பீப்பாயைப் பார்க்க சிவாஜிநகரிலிருந்து நடந்தே போகலாம், தெரியுமா?

போர்பன் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? பெங்களூர் சிவாஜிநகர் டீக்கடையில் கேட்டால், ஜாடியைத் திறந்து சாக்லேட் க்ரீம் வைத்த பிஸ்கட்டைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அதே பெயரில் அமெரிக்காவில் ஒரு விஸ்கி இருக்கிறது. அந்த விஸ்கி ஊறிக் கிடந்த பீப்பாய்கள் கடல் கடந்து வந்து, சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேலே, மைசூர் ரோட்டுப் பக்கம் ஒரு கிடங்கில் வரிசையாகப் படுத்திருக்கின்றன. தெரியுமா?

இந்தக் கதை நடையில் தொடங்குகிறது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அப்பலாச்சியன் மலைப்பாதை என்று ஒன்று உண்டு. 14 மாநிலங்கள், சுமார் 3,500 கிலோமீட்டர். ஒரே மூச்சில் நடந்தால் ஐந்து ஆறு மாதம் ஆகும். வேலைக்குப் போகிறவர்களால் முடிகிற காரியமா? அதனால் பலர் நாம் சீட்டுக் கட்டுவதுபோல நடக்கிறார்கள். இந்த வருடம் ஒரு துண்டு, அடுத்த லீவுக்கு இன்னொரு துண்டு. விட்ட இடத்திலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும், அவ்வளவுதான் விதி. இது சோம்பேறிகளின் வழி என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பாதையை முதன்முதலில் முழுதாக நடந்து முடித்த மைரன் ஏவரி என்பவரே இப்படித் துண்டு துண்டாகத்தான் நடந்தார். அதுவும் எப்படி? தூரத்தை அளப்பதற்காக ஒரு சைக்கிள் சக்கரத்தை முன்னால் உருட்டிக்கொண்டே! 1936-இல் அவர் முடித்துவிட்டார். ஒரே நடையில் முழுப் பாதையையும் கடந்ததாக ஏர்ல் ஷாஃபர் வந்து சொன்னது 1948-இல்தான்.

அந்த 1948-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

அப்பலாச்சியன் பாதை கென்டக்கி மாநிலத்தைத் தொடுவதே இல்லை என்பது பலருக்கும் தெரியாது. உலகின் போர்பனில் மிகப் பெரும் பங்கு கென்டக்கியில்தான் வடிக்கப்படுகிறது. அங்கே மனிதர்களைவிடப் பீப்பாய்கள் அதிகம்! இதை நான் உவமையாகச் சொல்லவில்லை, எண்ணிக்கையே அப்படித்தான். அந்த மாநிலத்துக்கென்று ஷெல்டோவீ டிரேஸ் என்ற பாதை இருக்கிறது. டேனியல் பூன் தேசியக் காடு வழியாக 500 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஷெல்டோவீ என்றால் பெரிய ஆமை. 1778-இல் ஷாவ்னி பழங்குடியினர் டேனியல் பூன் என்ற வேட்டைக்காரரைச் சிறைபிடித்து, பிறகு தங்கள் பிள்ளையாகவே தத்தெடுத்து வைத்த பெயர் அது. பாதை நெடுகிலும் மரங்களில் ஆமைச் சின்னம்தான் வழிகாட்டி. மாதம் ஒரு வாரக்கடைசி, ஒரு துண்டு நடை என்று வருடம் முழுக்க கூட்டமாக நடந்து முடிக்கிறவர்கள் உண்டு. நடை முடிந்ததும் காரை மேற்கே திருப்பினால் லெக்சிங்டன், பார்ட்ஸ்டவுன், லூயிவில். டிஸ்டில்லரிகளை ஒரு சங்கிலியாகக் கோத்து 1999-லேயே அங்கே போர்பன் சுற்றுலாத் தடம் ஒன்றை உருவாக்கிவிட்டார்கள்.

காடும் சாராய ஆலையும் ஏன் இப்படி ஒட்டிக்கொண்டன? அந்தக் காட்டு மரம்தான் பீப்பாய்!

போர்பன் என்று பெயர் போட வேண்டுமானால் அமெரிக்கச் சட்டம் கறாராகச் சில நிபந்தனைகள் வைக்கிறது. தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். 80 சதவீத ஆல்கஹாலுக்கு மேல் வடிக்கக் கூடாது. ஊற வைப்பது உட்புறம் கருக்கிய ஓக் மரக்கலத்தில்தான், அதுவும் புத்தம் புதியதில். இந்தக் கடைசி நிபந்தனையை மறுபடி ஒருமுறை படியுங்கள். புதியது! ஒருமுறை போர்பன் ஊறிய பீப்பாயில் இரண்டாவது முறை போர்பனை ஊற்ற முடியாது. நல்ல வெள்ளை ஓக், 200 லிட்டர் பிடிக்கும், ஆணியும் கிடையாது பசையும் கிடையாது, இரும்பு வளையங்களின் இறுக்கத்தில் மட்டுமே பலகைகள் நிற்கும். அப்படிப்பட்ட பொருளை ஒரே முறை பயன்படுத்திவிட்டு என்ன செய்வது? உலகத்துக்கு விற்கிறார்கள். ஸ்காட்லாந்தின் விஸ்கி ஆலைகள் லட்சக்கணக்கில் வாங்குகின்றன. டபாஸ்கோ என்று ஒரு மிளகாய்ச் சாறு பாட்டில் பார்த்திருப்பீர்களே, அந்த மிளகாய் விழுது ஊறுவதும் பழைய போர்பன் பீப்பாயில்தான். இன்னொரு பங்கு பெங்களூருக்கு வருகிறது.

அந்தப் பீப்பாயின் உள்ளே கொஞ்சம் எட்டிப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் தீ நாக்கை உள்ளே விட்டு எரித்திருப்பார்கள். மரத்தின் உட்பக்கம் கருகி, முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். கரியைச் சுரண்டினால் அடியில் பழுப்பும் சிவப்புமாக ஒரு படலம். சூட்டில் மரத்தின் சர்க்கரை முறுகிய இடம் அது. வெனிலா வாசனையும் கருக்கிய சர்க்கரை வாசனையும் அங்கிருந்துதான் வருகின்றன. காலிப் பீப்பாய் என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் மரத்துக்குள் போர்பன் ஊறிப்போய் உட்கார்ந்திருக்கும்.

இப்போது 1948-க்கு வருவோம். ஷாஃபர் அங்கே நடந்துகொண்டிருந்த அதே ஆண்டில் பெங்களூரில் ஜே.என். ராதாகிருஷ்ண ராவ் ஜக்தாலே அம்ருத் டிஸ்டில்லரீஸைத் தொடங்கினார். அவருக்குப் பின் மகன் நீலகண்ட ராவ் ஜக்தாலே. இந்தியாவில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி கரும்பு ஆலைக் கழிவான மொலாசஸிலிருந்து வடித்த சாராயத்தை அடிப்படையாகக் கொண்டது. மகனோ பார்லியைக் கையில் எடுத்தார். ஆலை இருப்பது கும்பளகோடு பக்கம் கம்பிபுராவில். அங்கே வடித்த சிங்கிள் மால்ட் விஸ்கியை முதலில் எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் தெரியுமா? ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில்! 2004 ஆகஸ்ட் 24. திருநெல்வேலிக்கே அல்வா கொண்டுபோய் விற்கிற துணிச்சல் அது. பெங்களூர்க்காரர்கள் தங்கள் ஊர்ச் சரக்கைத் தங்கள் ஊரிலேயே வாங்க 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2010-ஆம் ஆண்டுக்கான ‘விஸ்கி பைபிள்’ என்ற கையேட்டில் விமர்சகர் ஜிம் மர்ரி, அம்ருத் ஃப்யூஷனுக்கு 100-க்கு 97 மதிப்பெண் கொடுத்து உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று எழுதினார். ஃப்யூஷன் என்ற பெயர் ஏன் என்றால், இந்திய பார்லியும் ஸ்காட்லாந்தின் புகைமணம் ஏறிய பார்லியும் அதில் சேர்கின்றன.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிய அதிசயமாகப் படுவது ஆவி போகிற கணக்கு. பீப்பாயில் படுத்திருக்கும் விஸ்கி ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் காற்றோடு போய்விடும். தேவதைகளின் பங்கு என்பார்கள். ஸ்காட்லாந்தின் குளிரில் அது வருடத்துக்கு 2 சதவீதம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், வெயிலும் உலர்ந்த காற்றுமாக இருக்கும் பெங்களூரில் 10 முதல் 12 சதவீதம்! கையில் ஒரு தாளை எடுங்கள். 100 லிட்டர், வருடம் 11 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 8 வருடம் கழித்து மிஞ்சுவது 40 லிட்டர்கூட இல்லை. அதே 8 வருடத்தில் ஸ்காட்லாந்தில் 85 லிட்டர் நிற்கும். அதனால்தான் இங்கே 12 வயது, 18 வயது என்று காத்திருப்பது கடினம். ஆனால் அதே வெப்பம் மரத்தின் குணத்தை வேகமாக இழுத்துவிடுவதால் காத்திருக்கத் தேவையும் இல்லை. 8 வருடம் பிடிவாதமாக வைத்திருந்து அம்ருத் வெளியிட்ட ஒரு விஸ்கிக்கு வைத்த பெயர் ‘கிரீடி ஏஞ்சல்ஸ்’. பேராசைக்காரத் தேவதைகள்!

சரி, நடப்போமா? மூன்று ஞாயிற்றுக்கிழமை போதும்.

முதல் துண்டு ரஸ்ஸல் மார்க்கெட்டில் தொடங்கட்டும். 1927-இல் கட்டிய செங்கல் கட்டடம், விடிவதற்குள் பூக்கூடைகளும் மீன் பெட்டிகளும் இறங்கியிருக்கும். கடைக்காரர் தமிழில் விலை சொல்லி, உருதுவில் பேரம் பேசி, கன்னடத்தில் சில்லறை கேட்பார். 1809-இல் கன்டோன்மென்ட் வந்தபோது மெட்ராஸ் பட்டாளத்தோடு வந்த தமிழர்களின் பேட்டை இது. நான் தோளில் பையும் காலில் கேன்வாஸ் ஷூவுமாக நின்றதைப் பார்த்து டீக்கடைக்காரர், “எங்கண்ணா, பழனிக்கா?” என்றார். “கும்பளகோடுக்கு” என்றேன். “பஸ் இருக்கே!” என்றார்.

கப்பன் பார்க்கைக் கடந்தால் விட்டல் மல்லையா ரோடு. கண்ணாடிக் கோபுரமாக நிற்கிற யூபி சிட்டி இருக்கும் இடத்தில் ஒருகாலத்தில் பீர் ஆலை இருந்தது. தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவின் ஐந்து பீர் ஆலைகளை 1915-இல் ஒன்றாக்கியதில் பிறந்ததுதான் இந்த யூபி. பட்டாளத்துக்குப் பெரிய பெரிய பீப்பாய்களில் பீர் போனது. பக்கத்திலேயே 1868-இல் தொடங்கிய பெங்களூர் கிளப். அங்கே 1899-ஆம் ஆண்டுக் கணக்குப் புத்தகத்தில், வசூலிக்க முடியாத பாக்கி 13 ரூபாய் என்று ஒரு லெஃப்டினன்ட் பெயரில் எழுதியிருக்கிறது. வின்ஸ்டன் சர்ச்சில்!

அங்கிருந்து கே.ஆர். மார்க்கெட் போய்ச் சேர்ந்தால் முதல் துண்டு முடிந்தது. இரண்டாவது துண்டு கே.ஆர். மார்க்கெட்டிலிருந்து மைசூர் ரோடு, நாயண்டஹள்ளி வரை. அழகான நடை என்று பொய் சொல்ல மாட்டேன். கூடவே வருவது விருஷபாவதி. ஆறு என்று பிறந்தது, இன்று சாக்கடையாக ஓடுகிறது. நல்ல தண்ணீர் இருந்த இடத்தில்தான் உலகெங்கும் வடிசாலைகள் எழும்பின என்பதை நினைத்தால் இந்தத் துண்டு மனதை அறுக்கிறது. மூன்றாவது துண்டு கெங்கேரி தாண்டி கும்பளகோடு. வானம் அகலமாகும், காற்று மாறும்.

கால் இன்னும் கேட்டால் நாலாவது ஞாயிறு கனகபுரா ரோடு, ஏழாவது மைல். அங்கே கோடே நிறுவனம். 1968-இல் ‘பீட்டர் ஸ்காட்’ விஸ்கியை இறக்கியது அவர்கள்தான். பெயரில் ஸ்காட் இருக்கலாமா என்று ஸ்காட்ச் விஸ்கி சங்கம் வழக்குப் போட்டது. பீட்டர் என்ற எங்கள் பொறியாளரின் அப்பா ஸ்காட்லாந்துக்காரர், அதனால் வைத்த பெயர் என்றது கோடே. 2008-இல் உச்ச நீதிமன்றம் கோடே பக்கம் தீர்ப்பளித்தது. விஷயம் தெரிந்தும் இத்தனை ஆண்டு சும்மா இருந்துவிட்டு வந்தது தவறு என்பது ஒரு காரணம். ஸ்காட்ச் வாங்குகிறவர்கள் ஏமாறுகிற ஆட்கள் அல்ல என்பது இன்னொரு காரணம்!

நடையும் வடிசாலையும் சேர்ந்த பாதைகள் ஸ்காட்லாந்திலும் உண்டு. 1980-இல் திறந்த 154 கிலோமீட்டர் வெஸ்ட் ஹைலேண்ட் வே, கிளென்காய்ன் ஆலையின் அருகே போகிறது. ஸ்பே நதிப் பாதையில் ஆலைகளுக்குப் பஞ்சமே இல்லை. சாராய வாடையே வேண்டாம் என்கிறவர்களுக்கு இலங்கையில் பீகோ டிரெயில் இருக்கிறது. கண்டியின் ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 22 துண்டுகள், 300 கிலோமீட்டருக்கு மேல். வழியெல்லாம் தேயிலைத் தொழிற்சாலைகள், வழியெல்லாம் தமிழ். நம் முன்னோர் கூலிகளாக ஏறிய மலை அது. அந்த மக்களின் லயன் வீடுகளைத் தாண்டித்தான் பாதை போகிறது. அங்கே நடக்கிற தமிழர், தேநீரோடு அவர்களிடம் இரண்டு வார்த்தை பேசாமல் வரக் கூடாது.

கிளம்புகிறவர்களுக்கு: ஆலைக்கு முன்கூட்டியே கேட்டு, தேதி உறுதியான பிறகு போங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் வெயில் படுத்தாது. ருசி பார்ப்பதென்றால் நடை முழுக்க முடிந்த பிறகு, ஒரு மிடறு. குடிக்காதவர்களுக்கும் இந்த நடையில் குறை ஒன்றும் இல்லை. பீப்பாயை முகர்ந்து பார்த்தாலே போதும். திரும்பி நடக்க வேண்டாம். 2023 அக்டோபரிலிருந்து மெட்ரோ கெங்கேரியைத் தாண்டி சல்லகட்டா வரை ஓடுகிறது. அங்கே ஏறினால் வண்டி மாறாமல் நேரே கப்பன் பார்க்கில் இறங்கலாம்.