கன்னியர் வார்த்தைப்பாடும் திருமணத் தடையும்

சாம்பியன் ரீப்ஸில் வாழும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஓலை வாசித்தல் புதிதன்று. மணமக்களின் பெயர்களைக் கோயிலில் அறிவித்து, தடை ஏதும் அறிந்தோர் தெரிவிக்குமாறு பங்குக்குரு கேட்பார். அத்தடைகளுள் ஒன்று துறவற வார்த்தைப்பாடு. கன்னியாஸ்திரீ ஒருத்தி மணம் புரிந்தால் அது பாவம் மட்டுமா, அன்றி மணமே ஆகாதா? ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவைக் கலக்கிய வினா இது.

1139-இல் கூடிய இரண்டாம் லாத்தரன் பொதுச்சங்கம், துறவியர் மணம் மணமே அன்று என்று விதித்திருந்தது. 1521-இல் மார்ட்டின் லூதர் இதனை எதிர்த்து நூல் எழுதினார். அத்தகைய வார்த்தைப்பாடு மனச்சாட்சியைக் கட்டாது என்பது அவர் வாதம். 1523 ஈஸ்டரை ஒட்டி, ஜெர்மனியின் நிம்ப்ஷென் மடத்தினின்றும் பன்னிரு கன்னியர் ஒரு வணிகரின் வண்டியில் தப்பினர். மீன் பீப்பாய்களுள் ஒளிந்து சென்றனர் என்பதைப் பிற்காலக் கதை எனவே நாம் கொள்கிறோம். கன்னியரைக் கடத்துதல் அந்நாளில் மரணதண்டனைக்குரிய குற்றம். தப்பியவருள் உறவினர் ஏற்காதோர்க்குச் சொத்துமில்லை, தொழிலுமில்லை. கணவரைத் தேடித் தருவதே லூதர் கண்ட வழி. அவர்களுள் ஒருவரான கத்தரீனா பான் போராவை 1525 ஜூன் 13-இல் அவரே மணந்தார்.

இங்கிலாந்தின் நிலையே நம்மை அதிகம் வருத்துவது. 1536 முதல் 1540 வரை எட்டாம் ஹென்றி மடங்களை மூடினார். கன்னியர்க்குச் சிறு உபகாரச் சம்பளம் கிடைத்தது. ஆயினும் 1539-ஆம் ஆண்டின் ஆறு விதிகள் சட்டம், கற்பு வார்த்தைப்பாடு நிலைத்தே நிற்கும் என்றது. மீறி மணத்தல் கொடுங்குற்றம். மடமும் இல்லை, மணமும் இல்லை! 1547-இல் அச்சட்டம் நீங்கியது. 1553-இல் மேரி அரசியானபின், மணந்த துறவியரைப் பிரிக்கும் ஆணைகள் பிறந்தன.

கத்தோலிக்கத் திருச்சபையோ 1563-இல் திரெந்து பொதுச்சங்கத்தில் பழைய விதியையே உறுதி செய்தது. இன்றுள்ள 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பும், துறவற சபையில் பகிரங்கமாகச் செய்த நித்திய கற்பு வார்த்தைப்பாட்டை மணத்தைச் செல்லாததாக்கும் தடையாகவே வைத்துள்ளது. இந்திய அரசின் சட்டம் வேறு. 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் வயது, சம்மதம் தரும் திறன், உயிருடனுள்ள துணை, விலக்கப்பட்ட உறவு ஆகியவற்றையே பார்க்கும்; வார்த்தைப்பாட்டைப் பற்றி அது வினவுவதில்லை. ஆகவே பதிவாளர் முன் செல்லும் மணம் கோயிலில் செல்லாமற் போகலாம். கோயிலிலும் மணக்க விரும்புவோர், சபையினின்று விலக முறைப்படி அனுமதி பெறவேண்டும். அவ்வனுமதியிலேயே வார்த்தைப்பாட்டினின்று விடுதலையும் அடங்கியுள்ளது.