எடைக்கருவி காட்டாத மாற்றம்

மாதவிடாய் 12 மாதங்கள் தொடர்ந்து வராதபோதுதான், கடைசியாக வந்துபோனதை மெனோபாஸ், அதாவது மாதவிடாய் நிறைவு என மருத்துவம் கணக்கிடுகிறது. ஆனால் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனைச் சுரக்கும் சினைப்பைகள் அதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே தடுமாறத் தொடங்குவதால், உடலின் கொழுப்புக் கணக்கும் அப்போதே மாறத் தொடங்கிவிடுகிறது.

நடுவயதில் எடை கூடுவதற்கு வயதும், தசை இளைப்பதும், உடலுழைப்பு குறைவதுமே பெரும்பாலும் காரணம். மாதவிடாய் நிறைவின் தனிப்பங்கு எடையைக் கூட்டுவதைவிடக் கொழுப்பை இடம் மாற்றுவதில்தான் மிகுதி. அதுவரை தொடையிலும் பிட்டத்திலும் தோலுக்கடியில் தங்கிவந்த கொழுப்பு, ஈஸ்ட்ரோஜன் குறைந்தபின் வயிற்றுக்குள் குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து படிகிறது. எடைக்கருவியின் முள் அசையாதிருக்க, உள்பாவாடை நாடா மட்டும் இறுகுவது இதனால்தான். உள்ளுறுப்புக் கொழுப்பு எனப்படும் இது சும்மா கிடக்கும் சேமிப்பு அன்று. இதிலிருந்து வெளியேறும் கொழுப்பு அமிலங்கள் குடலிலிருந்து கல்லீரலுக்குச் செல்லும் சிரையில் கலந்து, இன்சுலினின் செயலை மந்தமாக்கி, டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பையும் இரத்தத்தில் உயர்த்துகின்றன.

கொலஸ்டிராலின் கதை வேறு. கெட்ட கொலஸ்டிரால் என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் எல்டிஎல் துகள்களை இரத்தத்திலிருந்து பிடித்திழுக்கும் ஏற்பிகள் கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் உள்ளன. ஈஸ்ட்ரோஜன் அவற்றின் எண்ணிக்கையைப் பெருக்குவதால், அது குறையும்போது ஏற்பிகளும் குறைந்து, எல்டிஎல் இரத்தத்திலேயே தேங்குகிறது. அமெரிக்காவில் 1990களின் நடுவில் தொடங்கி நெடுங்காலம் நடந்த 'ஸ்வான்' ஆய்வின் 2009ஆம் ஆண்டு முடிவு, இரத்த அழுத்தம் போன்றவை வயதோடு சீராக ஏறுகையில், எல்டிஎல் கடைசி மாதவிடாயை ஒட்டிய ஓராண்டுக்குள் சட்டென உயர்வதைக் காட்டியது. தெற்காசியப் பெண்கள் அவ்வாய்வில் தனிப்பிரிவாக இடம்பெறவில்லை என்பது குறையே. எனினும் ஏற்பிகளின் இயக்கம் இனத்துக்கு இனம் வேறுபடும் ஒன்றன்று.

குறைந்த ஹார்மோனை மாத்திரையாகக் கொடுத்தால் இதயம் காக்கப்படும் என்ற எளிய கணக்கு, 2002இல் அமெரிக்காவின் மற்றொரு பெரிய ஆய்வின் ஒரு பகுதி இடையிலேயே நிறுத்தப்பட்டதும் பொய்த்தது. இன்று இதயப் பாதுகாப்புக்கென்று மட்டும் ஹார்மோன் சிகிச்சை பரிந்துரைக்கப்படுவதில்லை. வேகநடையும், தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும், தேவைப்படுவோர்க்குக் கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாடின் மருந்துமே வழி.

தெற்காசியப் பெண்களுக்கு 80 செ.மீ. என்பதே இடுப்பளவின் எச்சரிக்கைக் கோடு. மாதவிடாய் முறைதவறத் தொடங்கும்போதே, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் நாடாவை வைத்து அளந்துகொள்வதும், இரத்தக் கொழுப்புப் பரிசோதனை ஒன்றைச் செய்துகொள்வதும் நல்லது.