கணினி மக்கர் செய்தால் வைரஸ்தானா?

2024 ஜூலை 19 அன்று விமான நிலையம், மருத்துவமனை, வங்கி என்று உலகெங்கும் கணினித் திரைகள் நீலமாக மாறி நின்றுபோயின. இந்தியாவில் விமானப் பயணிகள் சிலருக்கு போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சைபர் தாக்குதல் என்றே பலரும் பதறினார்கள். ஆனால் காரணம், கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட். மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின.

2017 மே 12 அன்று நடந்தது உண்மையான தாக்குதல். வான்னாக்ரை என்ற மால்வேர் சுமார் 150 நாடுகளில் கணினிகளுக்குள் புகுந்து, ஃபைல்களைப் பூட்டி, திறந்துவிட 300 டாலரை பிட்காயினாகக் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள்கூடத் தள்ளிப்போயின.

இரண்டு நாளிலும் வேலை நின்றது, தீர்வுதான் வேறு. முதலாவதில் பழுதான ஒரு ஃபைலை நீக்கியதும் கணினி மீண்டது. இரண்டாவதில், பெரும்பாலும் பேக்கப் வைத்திருந்தவர்களே தப்பினார்கள். வந்தது எது என்று தெரியாமல் கைவைத்தால் நஷ்டம் கூடும்.

யாருக்கு லாபம்?

சாதாரணக் கோளாறுக்கு நோக்கம் கிடையாது. மால்வேருக்கு உண்டு: பணம் பறிப்பது, பாஸ்வேர்டு திருடுவது, விளம்பரத்தைத் திணிப்பது, உங்கள் கணினியின் உழைப்பில் வேறொருவருக்கு கிரிப்டோ நாணயம் சேர்ப்பது. எனவே முதலில் கேட்க வேண்டியது, ‘இந்தத் தொல்லையால் யாருக்காவது லாபம் உண்டா?’ என்பதுதான்.

கணினி மெதுவாக ஓடுவதற்குப் பெரும்பாலும் எளிய காரணமே இருக்கும்: நிரம்பிய சி டிரைவ், போதாத ரேம், பின்னணியில் ஓடும் அப்டேட், தேய்ந்த ஹார்டு டிஸ்க், தூசி அடைத்த ஃபேன். நீலத் திரைக்கும் பெரும்பாலும் டிரைவர் கோளாறோ ரேம் பழுதோதான் காரணம்.

ஆனால் ஃபைல் பெயர்களின் பின்னொட்டு திடீரென மாறித் திறக்க மறுப்பது, ஆன்டிவைரஸ் தானாக அணைந்து மீண்டும் இயங்க மறுப்பது, பிரவுசரின் முகப்பும் தேடுபொறியும் நீங்கள் மாற்றாமலே மாறுவது, நீங்கள் அனுப்பாத செய்தி நண்பர்களுக்குப் போவது ஆகியவற்றுக்குப் பின்னால் யாரோ லாபம் பார்க்கிறார்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் மால்வேர் என்றே எண்ணிச் செயல்படுங்கள்.

எப்போது தொடங்கியது?

இது இரண்டாவது கேள்வி. அப்டேட்டுக்குப் பிறகோ, புதிய பிரிண்டர் மாட்டிய பிறகோ தொடங்கியிருந்தால், கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கிராக் செய்த மென்பொருளை நிறுவிய பிறகோ, மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் திறந்த பிறகோ என்றால் சந்தேகப்படுங்கள்.

பயமும் கெடுக்கும்

2002-ல் ஒரு மின்னஞ்சல் உலகைச் சுற்றியது. கரடிப் பொம்மைப் படம் போட்ட ஃபைல் வைரஸ், உடனே அழியுங்கள் என்றது அது. பலரும் அழித்தார்கள். அது விண்டோஸின் சொந்த ஃபைல். 2010 ஏப்ரலில் மெக்காஃபி ஆன்டிவைரஸே விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத ஃபைல் ஒன்றை வைரஸ் என்று தவறாகக் கருதி ஒதுக்க, எண்ணற்ற கணினிகள் முடங்கின. கிரவுட்ஸ்ட்ரைக் குழப்பத்தின்போதோ, சரிசெய்து தருகிறோம் என்ற பெயரில் மோசடிக்காரர்கள் புகுந்தார்கள். ‘உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணை அழையுங்கள்’ என்று பிரவுசரில் எழும் எச்சரிக்கையும் அந்த வகைதான். அழைக்காதீர்கள், பிரவுசரை மூடுங்கள்.

என்ன செய்யலாம்?

வேகக் குறைவு மட்டும்தான் என்றால் ‘ரீஸ்டார்ட்’ கொடுங்கள். பல விண்டோஸ் கணினிகளில் ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் கணினி முழுமையாகப் புதிதாகத் தொடங்குவதில்லை. பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்த புரோகிராம் சிபியூவையும் டிஸ்க்கையும் விழுங்குகிறது என்று அங்கே தெரியும். பெயர் புதிதாக இருப்பதாலேயே எதையும் அழித்துவிடாதீர்கள். விண்டோஸிலேயே உள்ள டிஃபெண்டரில் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ வசதி உண்டு. விண்டோஸ் முழுதாகத் திறப்பதற்கு முன்பே அது சோதிப்பதால், ஒளிந்திருக்கும் மால்வேர் சிக்க வாய்ப்பு அதிகம்.

ஃபைல்கள் பூட்டப்பட்டிருந்தால் வைஃபையையும் கேபிளையும் உடனே துண்டியுங்கள். பேக்கப் வைத்திருக்கும் டிஸ்க்கை அந்தக் கணினியில் மாட்டாதீர்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள். பணம் பறிபோயிருந்தால், தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ உடனே அழையுங்கள்.

வான்னாக்ரை புகுந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, 2017 மார்ச் 14 அன்று, வெளியிட்டிருந்தது. போடாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். வந்தது கோளாறோ மால்வேரோ, இரண்டிலும் கைகொடுப்பது தனி டிஸ்க்கில் எடுத்துவைத்த பேக்கப்தான். அதை இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.