மோட்டார் வண்டிக்குள் ஒளிந்திருக்கும் எதிரி

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். ஆனால், அந்தப் புகையே கண்ணுக்குத் தெரியாமலும் மூக்குக்கு எட்டாமலும் ஒரு குடும்பத்தோடு வண்டியில் ஏறிப் பயணஞ் செய்தால் என்ன ஆகும்? அண்மையில் யாழ்ப்பாணத்து வேலைத்தலம் ஒன்றில் நாம் கண்ட நிகழ்ச்சி இக்கேள்வியை எம் உள்ளத்தில் எழுப்பிற்று.

அங்கே ஓர் இளைஞர் தமது மொறிஸ் மைனர் வண்டியைக் கொண்டுவந்திருந்தார். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்ட இவ்வகை வண்டிகளை, ஒஸ்ரின் சோமசெற், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் முதலியவற்றோடு எமது வீதிகளில் இன்றும் காணலாம். இளைஞரின் வண்டிக்கு உடல் பழையது, உயிர் புதியது. பழைய இயந்திரத்தை அகற்றிவிட்டு யப்பானிய இயந்திரம் ஒன்றைப் பொருத்தியிருந்தார். அதற்குப் பழைய புகைக்குழாய் பொருந்தாமையால், துண்டு துண்டாக ஒட்டிய அகலமான குழாய் ஒன்றையும் செய்வித்திருந்தார்.

அவர் கூறிய முறைப்பாடுகள் இரண்டு. காலையில் இயந்திரத்தை இயக்கியதும் 'டிக், டிக்' என்று ஓர் ஒலி கேட்கிறது. சிறிது தூரம் ஓடியதும் அது மறைந்துவிடுகிறது. இஃது ஒன்று. மற்றதை அவர் பேச்சோடு பேச்சாகவே சொன்னார். பருத்தித்துறையிலிருந்து நல்லூருக்கு வந்து திரும்பும்போதெல்லாம் பின்னாசனத்தில் இருக்கும் தாயாருக்குத் தலையிடியும் ஓங்காளமும் உண்டாகின்றனவாம். மாரிகாலத்தில் கண்ணாடிகளை மூடிக்கொண்டு வல்லை வெளியைக் கடக்கும்போது அவை மிகுமாம். வீட்டில் சற்று இருந்தால் மாறிவிடுமாம்.

"கூதல் காத்துப் பட்டிட்டுது போலை, ஐயா" என்றார் இளைஞர்.

முதிய மெக்கானிக்கோ முதலாவது முறைப்பாட்டை விட்டுவிட்டு இரண்டாவதையே துருவித் துருவிக் கேட்டார். பின்பு, "தம்பி, ஓடிச் சூடேறின வண்டியிலை இதைப் பிடிக்கேலாது. இரவு இங்கை விட்டிட்டுப் போம், விடியப் பாப்பம். அதுமட்டும் அம்மாவை இதிலை ஏத்தாதையும்" என்றார்.

மண்ணெண்ணெய் கற்பித்த பாடம்

அம்மெக்கானிக் தொழில் பழகிய காலம் குடாநாடு மறக்க முடியாத காலம். 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின், பெற்றோல் இங்கே வருவது தடைப்பட்டது, மின்சாரமும் நின்றது. நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவும் வண்டி வேண்டுமே! கிடைத்த மண்ணெண்ணெயில் வண்டிகளை ஓட்ட எம்மவர் கற்றுக்கொண்டனர்.

மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல எளிதில் ஆவியாவதன்று. குளிர்ந்த இயந்திரத்தில் அது பற்றாது. ஆதலின் சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தை இயக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். முன்னொரு காலத்தில் இங்கிலாந்தின் கமங்களில் உழவு இயந்திரங்களும் இதே முறையிலேதான் ஓடின. பழைய சோமசெற் போன்ற வண்டிகளின் இயந்திரங்கள் எரிபொருட் கலவையை மிகுதியாக அழுத்துவன அல்ல. அதனாலேயே அவை மண்ணெண்ணெயைத் தாங்கின.

தாங்கினவே ஒழியத் துப்புரவாக எரித்தன அல்ல. அரைகுறையாக எரிந்த மண்ணெண்ணெய் கண்ணை எரித்தது. மணமோ தெருவையே நிறைத்தது. ஆனால் அந்த அழுக்குப் புகையில் ஒரு நன்மையும் இருந்தது. குழாயில் மயிரளவு வெடிப்பு இருந்தாலும் அவ்விடத்தில் கரி கறுப்புக் கோடு கீறிவிடும். கசிவு தன்னைத் தானே காட்டிக் கொடுத்தது. இன்றைய பெற்றோற் புகையில் கரி குறைவு, மணமும் குறைவு. நஞ்சு மட்டும் இருக்கிறது. எனவே கசிவைத் தேடிப்பிடிக்க வேண்டியவர்கள் நாமே.

அந்த நஞ்சு யாது?

பாடசாலையில் இரசாயனம் பயிலும் மாணவர் இதனை அறிவர். எரிபொருள் போதிய ஒட்சிசனோடு எரிந்தால் காபனீரொட்சைட்டு உண்டாகும். ஒட்சிசன் போதாவிடின் காபனோரொட்சைட்டு உண்டாகும். பின்னையதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. எமது இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றுவதைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேலான வலிமையோடு இதனைப் பற்றிக்கொள்ளும். விருந்தினருக்கு இட்ட ஆசனத்தில் வழிப்போக்கன் அமர்ந்து எழ மறுப்பது போல, ஒட்சிசனுக்கு இடமில்லாது போகிறது. தலையிடி, மயக்கம், ஓங்காளம், பின்பு உறக்கம் என்று வரிசையாக வரும். அவ்வுறக்கத்திலிருந்து விழியாதவர்களும் உண்டு. காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கு இவ்வாயு இருந்தாலே சில நிமிடங்களில் உயிர் போய்விடும். காபரேற்றர் பொருத்திய இயந்திரத்தின் புகையில் நூற்றுக்குப் பல பங்கு இருப்பதுமுண்டு.

தூய காற்றுக்கு வந்தபின்னும் இரத்தத்திலுள்ள நஞ்சில் பாதி நீங்க நான்கைந்து மணி நேரம் செல்லும். வைத்தியசாலையில் ஒட்சிசன் கொடுத்தால் அந்நேரம் பெரிதும் குறையும்.

காலைப் பரிசோதனை

மறுநாட்காலை நாமும் அங்கே சென்றோம். மெக்கானிக் வண்டியின் பின்கதவையும் வேலைத்தலத்தின் கதவுகளையும் அகலத் திறந்துவைத்த பின்பே இயந்திரத்தை இயக்கினார். 'டிக், டிக்' ஒலி தெளிவாகக் கேட்டது. உலோகம் குளிர்ந்திருக்கும்போது இடைவெளி திறந்திருக்கும். சூடேற உலோகம் விரிந்து அதனை அடைக்கும். இரவு வண்டியை விட்டுப்போகச் சொன்னதன் காரணம் இதுவே.

வால்வின் தட்டலும் இத்தகைய ஒலியையே தரும். இரண்டையும் பிரித்தறிய அவர் கையாண்ட கருவி ஒரு துண்டு றப்பர்க் குழாய். ஒரு நுனியைக் காதில் வைத்து, மறுநுனியை இயந்திரத்தின் பக்கமாக மெல்ல நகர்த்தினார். ஓரிடத்தில் ஒலி காதை அறைந்தது. மாணவர் ஒரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். நான்கு அடி இயந்திரத்தில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை புகையைத் தள்ளும். நிமிடத்துக்கு 800 சுற்றுச் சுழன்றால், ஒரு சிலிண்டரின் வாயிற் கசிவு 400 முறை 'டிக்' என்னும். நான்கு சிலிண்டர்களின் புகையும் ஒன்றுசேர்ந்த பின் கசிந்தாலோ 1,600 முறை விரைந்து ஒலிக்கும். ஒலியின் வேகமே கசிவின் இருப்பிடத்தைச் சொல்லும்!

அடுத்து உதவியாளர் ஒருவர் தடித்த துணியால் குழாயின் வால்நுனியைச் சில விநாடிகள் மட்டும் அடைத்தார். குழாய் நல்லதாயின் இயந்திரம் திணறி நிற்க முயலும். இதுவோ திணறவில்லை, வண்டியின் அடியில் 'உஸ்' என்று ஓர் இரைச்சல் கேட்டது. அவ்விடத்தில் சவர்க்கார நீரைப் பூசியதும் குமிழிகள் எழுந்தன.

முடிவில் குறைகள் நான்கு வெளிப்பட்டன. முதலாவது, இயந்திரத்தோடு குழாய் சேரும் இடத்தில் காஸ்கெற் எரிந்திருந்தது. இரண்டாவது, ஒட்டு ஒன்றில் ஊசித்துளை. மூன்றாவது, குழாயின் நுனி வண்டிக்கு வெளியே நீளாமல் உடலின் அடியிலேயே முடிந்திருந்தது. நான்காவது, கியர்த்தடியைச் சுற்றியுள்ள றப்பர் உறை கிழிந்திருந்தது. முதல் மூன்றும் புகையை வெளியே விட்டன. நான்காவது அதனை வீட்டுக்குள் அழைத்துவிட்டது. கூதற் காற்றின்மேல் வீண்பழி!

சீர்செய்த விதம்

புதிய காஸ்கெற்றை வைத்து நட்டுகளை முறுக்கினால் போதும் என்றே பலரும் எண்ணுவர். மெக்கானிக் முதலில் குழாயின் முகத்தில் உருக்கு அடிமட்டத்தை நிறுத்தி, அடியில் ஒளி தெரிகிறதா என்று பார்த்தார். முகம் வளைந்திருந்தது. அதனைச் சமமாக்காமல் எத்தனை காஸ்கெற் மாற்றினாலும் அவை எரிந்தே போகும். பழைய காஸ்கெற்றுகளில் கல்நார் இருக்கலாமாகையால், உலர்ந்தபடி சுரண்டாமல் நனைத்தே அகற்றினார். நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் மாறிமாறிச் சிறிது சிறிதாக முறுக்கினார். வண்டியை ஓட்டிச் சூடேற்றி, ஆறவிட்டு, மறுபடியும் முறுக்கினார்.

ஊசித்துளையின்மேல் தகரத்தைச் சுற்றிக் கம்பியால் கட்டுவதும் உண்டு. அஃது ஊர் போய்ச்சேர உதவும், வைத்தியம் ஆகாது. இங்கே பழைய ஒட்டை அராவி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டினர். இயந்திரத்தின் அதிர்வு குழாயை உடைக்காதபடி றப்பர்த் தாங்கிகளை இட்டனர். நுனியைப் பின்புறத்துக்கு அப்பால் நீட்டினர். கியர்த்தடிக்குப் புதிய உறை வந்தது; தரையிலிருந்த துளைகள் யாவும் அடைக்கப்பட்டன.

இன்றைய வண்டிகளை மாற்றியமைக்கும் இளைஞர்க்கு ஒரு சொல். அவற்றின் குழாயில் ஒட்சிசனை அளக்கும் உணரி உண்டு. அதற்கு முன்னால் கசிவு ஏற்பட்டால், புகையின் துடிப்புகளுக்கிடையே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். எரிபொருள் போதவில்லை என்று உணரி தவறாகச் சொல்ல, கணினி மேலும் எரிபொருளை ஊற்றும். பணமும் போகும்; நஞ்சும் பெருகும். 2008ஆம் ஆண்டு முதல் இலங்கையில் நடைபெறும் புகைப் பரிசோதனை வால்நுனியிலேயே அளக்கிறது. வழியிற் கசிவதை அந்தச் சான்றிதழ் சொல்லாது.

குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவை

வண்டியில் ஏறினால் தலையிடி, இறங்கினால் சுகம் என்றால் நோயாளியை மட்டுமன்றி வண்டியையும் சோதிக்க வேண்டும். ஒரே பயணத்தில் இருவருக்கு அவ்வாறு நேர்ந்தால் ஐயமே வேண்டாம். உடனே வண்டியை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, எல்லோரையும் காற்றோட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். மயங்கியவரை வைத்தியசாலைக்கு மற்றொரு வண்டியில் கொண்டுசெல்ல வேண்டும். மூடிய கொட்டகைக்குள் இயந்திரத்தை ஓடவிடலாகாது. பின்கதவைத் திறந்துவைத்து ஓடினால், வண்டியின் பின்னே சுழலும் காற்றுப் புகையை உள்ளே இழுத்துவரும். கடல் சூழ்ந்த எமது நாட்டில் உப்புக் காற்று குழாயை வெளியே அரிக்கும். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் உண்டாகுமாகையால், குறுந்தூரம் ஓடும் வண்டியின் குழாய் உள்ளேயும் துருப்பிடிக்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது வண்டியின் அடியை ஒருவர் குனிந்து பார்க்கட்டும்.

வண்டியைப் பெற்றுச் செல்ல வந்த இளைஞர் கூலியைக் கொடுத்துவிட்டு, "சத்தம் இனி வராதே, ஐயா?" என்று கேட்டார். "சத்தத்தை விடும், தம்பி. முதல் பத்து நாள் கண்ணாடியைத் திறந்துகொண்டு ஓடும். அம்மாவிட்டைக் கேளும், அவதான் சரியாச் சொல்லுவா" என்றார் மெக்கானிக்.