கூரை மீது ஒரு மின்நிலையம்

1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் மாலை, தீபகற்ப மலேசியா முழுவதும் மின்சாரம் தடைபட்டது. பல இடங்களில் மின்சாரம் திரும்பப் பல மணி நேரமானது. இத்தகைய மின்தடை வீடுகளுக்குச் சிரமம். தொழிற்சாலைகளுக்கோ பெரும் இழப்பு. மலாக்கா, உம்பாய் போன்ற கடலோர ஊரில் மீனைக் குளிரூட்டிப் பொட்டலமிடும் சிறு தொழிற்சாலை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். குளிர்பதன அறை நெடுநேரம் இயங்காவிட்டால் அங்குள்ள மீன் கெட்டுவிடும்.

இத்தகைய தொழிற்சாலைகளின் அகன்ற கூரைகள் சூரியத் தகடுகளைப் பொருத்த ஏற்றவை. தகடுகள் சூரிய ஒளியை நேர்திசை மின்னோட்டமாக மாற்றுகின்றன. இன்வெர்ட்டர் என்னும் கருவி அதை இயந்திரங்களுக்கு ஏற்ற மாறுதிசை மின்னோட்டமாக்குகிறது. 2016ஆம் ஆண்டில் நம் நாட்டில் நிகர மின் அளவீட்டுத் திட்டம் தொடங்கியது. அதன்வழி, பயன்படுத்தியது போக எஞ்சிய மின்சாரத்தைப் பொது மின்கம்பிக்கு அனுப்பி, மின்கட்டணத்தைக் குறைத்துக்கொள்ள வழி பிறந்தது.

கூரையில் தகடுகள் இருந்தால் மின்தடையே வராது எனப் பலர் எண்ணுகின்றனர். இது சரியன்று. பொது மின்சாரம் நின்றதும் சாதாரண இன்வெர்ட்டரும் தானாகவே நின்றுவிடும். கூரையிலிருந்து மின்சாரம் பாய்ந்துகொண்டிருந்தால், மின்கம்பியைப் பழுதுபார்க்கும் ஊழியர்களின் உயிருக்கு ஆபத்து நேரும் என்பதே இதற்குக் காரணம். ஆகவே, நண்பகல் வெயிலிலும் தொழிற்சாலை இருளில் மூழ்கலாம்.

இதைத் தவிர்க்க, பொது மின்கம்பியிலிருந்து தொழிற்சாலையைத் துண்டித்துத் தனித்து இயங்கும் இன்வெர்ட்டரும் மின்கலத் தொகுதியும் வேண்டும். முதலில், நிறுத்தவே முடியாத கருவிகளைப் பட்டியலிட வேண்டும். அவற்றுக்கு 3 கிலோவாட் தேவை என்றால், 4 மணி நேரத்திற்கு 12 யூனிட் மின்சாரம் வேண்டும். மின்கலத்தை முழுமையாகத் தீர்த்துவிடக் கூடாது என்பதால், 15 யூனிட் கொள்ளளவு கொண்டதே பாதுகாப்பானது. மேலும், குளிரூட்டியின் மோட்டார் இயங்கத் தொடங்கும் கணத்தில் வழக்கத்தைவிடப் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். இன்வெர்ட்டர் அதையும் தாங்க வேண்டும். நீண்ட மின்தடைக்கு டீசல் ஜெனரேட்டர் கைகொடுக்கும். குளிர்பதன அறையின் கதவைத் திறக்காமல் வைத்திருப்பதும் செலவில்லாத ஒரு பாதுகாப்பே.

சூரியத் தகடு மின்கட்டணத்தைக் குறைக்கும். மின்கலமே மின்தடையில் காக்கும். இவ்வேறுபாட்டை உணர்ந்து திட்டமிடும் தொழில்முனைவர், வருமுன் காப்பவராவார்.